குளிர் மலையில் சுடும் வெயில்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்லும் நம் தோட்டத்துக் குடும்பங்கள் கம்பளிச் சட்டையை மறவாமல் எடுத்துச் செல்கின்றன; தொப்பியை எவரும் நினைப்பதில்லை. மாலையில் பிள்ளைகளின் மூக்கும் கன்னமும் எரிகின்றன. குளிர்காற்று பட்டுவிட்டது என்று கூறித் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். உண்மையில் அது வெயிலின் வேலை.

வெயிலில் நாம் உணரும் வெப்பம் வேறு. தோலைச் சுடும் கதிர் வேறு. பின்னதைப் புற ஊதாக் கதிர் என்பர். அதனைக் கண் காணாது, உடல் உணராது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அதன் வலிமை 10 முதல் 12 விழுக்காடு கூடுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தானா ராத்தா நகரமோ 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெல்லிய மேகமும் இக்கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

அங்கு 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர் பலர். இன்று பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். கவாத்து செய்த தேயிலைச் செடி இடுப்பளவே நிற்கும். பால்மரம் நமக்குத் தரும் நிழலை அது தராது. ஆகவே நீண்ட கைச்சட்டையும், கழுத்தை மறைக்கும் அகன்ற தொப்பியும் அவர்களுக்குப் பகட்டல்ல, தேவை.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பார் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. தோலின் கருநிறப் பொருள் இயற்கை தந்த குடை. தோல் புற்றுநோய் நம்மவரிடையே குறைவு. ஆனால் கண்ணுக்கு அந்தக் குடை இல்லை. பல்லாண்டுக் காலம் வெயிலில் உழைப்போர்க்குக் கண்புரையும், வெண்விழியில் சதை வளர்தலும் வர வாய்ப்பு மிகுதி. நிறம் எதுவாயினும் கண்ணுக்கு நிழல் வேண்டும்.

அந்தக் குடையால் வரும் குறையும் ஒன்று உண்டு. எலும்புக்கு வலிமை தரும் வைட்டமின் டி, இதே புற ஊதாக் கதிர் தோலில் படுவதால்தான் உண்டாகிறது. கறுத்த தோலில் அது மெதுவாகவே உருவாகும். விடியுமுன் விளக்கோடு நிரைக்குச் சென்று, கொசுவுக்கு அஞ்சி உடலை மூடி, நிழலில் பால் வெட்டி, பின் வீட்டுக்குள் அடங்கும் நம் பெண்களுக்கு இந்தச் சத்து குறையக்கூடும். வெயில் நாட்டில் இப்படியொரு குறையா என்று வியப்புத் தோன்றலாம்!

காலை இளவெயிலே நல்லது என்பது நம் வழக்கு. இதமானதுதான், ஆனால் சாய்ந்து வரும் ஒளியில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. பால் நிறுத்த பின், ஒன்பதரை, பத்து மணி வாக்கில், வாரத்தில் இரண்டு மூன்று நாள் முன்கையிலும் காலிலும் சிறிது நேரம் வெயில் படவேண்டும். வெளிறிய தோலினர்க்கு 5 முதல் 15 நிமிடம் போதும். நமக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். நாள் முழுதும் வெட்டவெளியில் நிற்கும் தேயிலைத் தொழிலாளிக்கு இந்த யோசனை பொருந்தாது. மத்தி மீனும் முட்டையின் மஞ்சள் கருவும் இருவருக்கும் உதவும்.

கடுமையான நேரத்தை அறியக் கடிகாரத்தைவிட நிழலே நல்ல வழிகாட்டி. 1982இல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது முதல், நமக்கு உச்சிப்பொழுது பகல் ஒன்றேகால் மணியளவில்தான் வருகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வரை, அதாவது ஏறத்தாழப் பத்தேகால் முதல் நாலேகால் வரை, பிள்ளைகளுக்குத் தொப்பி அணிவிக்க வேண்டும். மலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் சரியே.