பத்தாயிரம் ஆர்.பி.எம்... தாங்குமா உங்க ஆர்.எக்ஸ்?

பெசன்ட் நகர் பீச் ரோட்டில் சாயங்காலம் எத்தனை பைக் போனாலும், ஆர்.எக்ஸ்.100 சத்தம் மட்டும் தனியா கேட்கும். 1985-ல் வந்து, 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அது மேல இருக்கிற லவ் மட்டும் நிற்கவே இல்லை! அப்பா ஓட்டின வண்டியைத் தூசு தட்டி, புதுப்பேட்டையில் ஸ்பேர்ஸ் தேடி அலையும் மயிலாப்பூர், தி.நகர் காலேஜ் பசங்களே... 'ட்யூனிங்' பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

மேலே ஓகே... கீழே?

போர்ட்டைப் பெரிசாக்குவது, ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏத்துவது, பெரிய கார்புரேட்டர், எக்ஸ்பான்ஷன் சேம்பர்... எல்லாமே இன்ஜினின் மேல்பக்கத்து வேலை. 98 சி.சி. இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபோது, 7,500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரைத்திறன் தந்தது. பசங்க அதை 10,000-க்கு விரட்டுறாங்க. ஆனா கீழே கனெக்டிங் ராடு, கிராங்க், பிக் எண்ட் பேரிங் எல்லாம் அதே ஸ்டாக் அயிட்டம்தான்!

"மூணில் ஒரு பங்குதானே பாஸ் ஏத்தியிருக்கோம்?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். வேகம் ஏறினால் உள்ளே சுமை அதன் வர்க்கத்தில் ஏறும். 7,500-ல் பிஸ்டன் நொடிக்கு 125 தடவை உச்சிக்குப் போய்த் திரும்புது. பிஸ்டன், ரிங், பின் சேர்த்து 100 கிராம்னு வெச்சுக்குங்க. உச்சியில் அதை நிறுத்தித் திருப்ப, கிட்டத்தட்ட 200 கிலோ எடைக்குச் சமமான விசை வேணும். 10,000-ல்? சுமார் 350 கிலோ!

இதில் ஒரு பங்கை கம்ப்ரஷன் தாங்கிக்கும். ஃபுல் வேகத்தில் போய் சட்டென ஆக்ஸிலரேட்டரை மூடினால் அந்தத் தாங்கலும் குறையும். ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த ஆயில் பம்பும் ஆயிலைக் குறைச்சுடும். ராடும் பேரிங்கும் மாட்டுறது அப்போதான்.

"ரெண்டு மாசமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே?" ஜெம் கிளிப்பை வளைச்சுப் பாருங்க. முதல் தடவையே உடையாது. ராடிலும் அப்படித்தான்... கண்ணுக்குத் தெரியாத விரிசல் மெல்ல வளரும். ஒருநாள் இன்ஜின் இறுகி, பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும். அந்த நேரம் அடையாறு சர்தார் படேல் ரோட்டில் உங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தால்?

ரேஸ்காரங்க கணக்கு

சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலமாகட்டும், 1990-ல் வந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்காகட்டும்... ரேஸ் இன்ஜினில் ராடு, பேரிங், பிஸ்டனுக்கு ஆயுள் கணக்கு உண்டு. உடையறவரைக்கும் விடமாட்டாங்க. கழற்றிப் பார்த்து மாத்திடுவாங்க. அதிக ஆர்.பி.எம். வேணும்னா முதலில் பலமான ராடு, புது பேரிங், நேர் பார்த்த கிராங்க். அப்புறம்தான் போர்ட், கார்புரேட்டர் எல்லாம்.

* பழைய ராடை நம்பி 7,500-க்கு மேல் விரட்டாதீங்க.
* ஆயில் பம்ப் செட்டிங்கைச் சரிபாருங்க.
* ஓடும்போது இன்ஜின் இறுகுவது தெரிஞ்சா, யோசிக்காம கிளட்சைப் பிடிங்க.
* கம்பெனி பதிவுக்கு மாறாக வண்டியை மாத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தப்பு. வேகம் பார்க்கணுமா? டிராக்குக்குப் போங்க!

அஸ்திவாரத்தைப் பார்க்காம மாடி மேல மாடி கட்டலாமா பாஸ்? இன்ஜினுக்கும் அதே கதைதான்!