ஷிஃப்டுக்குப் போன ‘ன’

டெல்லி லோதி ரோட்டில், சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்றொரு கட்டடம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் முகவரி அது. இந்த அமைச்சகத்துக்கு முன்பிருந்த மின்னணுத் துறைதான் 1986-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு விசைப்பலகையைத் தரப்படுத்தியது. பெயர் இன்ஸ்கிரிப்ட். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. இந்தியில் ‘க’ இருக்கும் விசையில்தான் தமிழிலும் ‘க’. ஒரு மொழியில் பழகிய விரல் இன்னொன்றுக்குத் தாவிவிடும். அழகான யோசனைதான்.

ஆனால் அதில் ‘அவன்’ என்று அடித்துப் பாருங்கள். அ-வுக்கு ஷிஃப்ட், ன-வுக்கும் ஷிஃப்ட், அப்புறம் புள்ளிக்குத் தனி விசை. ‘ன’ இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவதே பாடு. அதோடு ண, ள, ற, ழ நான்கும் ஷிஃப்டுக்குப் போய்விட்டன. ஆங்கில ஒய், ஐ, ஓ இருக்கும் வசதியான விசைகளோ தமிழுக்குக் காலி. பாரதி, காந்தி, தில்லி என்னும்போது முதலில் வரும் ஒலிகளுக்கான இடங்கள் அவை. நம்மிடம் அவற்றுக்குத் தனி எழுத்து கிடையாது.

மனிதர் – கணினி ஊடாட்டம் படிப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, பயனர் யார் என்பதைத்தான். இன்ஸ்கிரிப்டின் மனத்தில் இருந்தவர் பல மொழி புழங்கும் இந்தியர். நாள் முழுக்கத் தமிழ் மட்டுமே தட்டும் டிடிபி ஆபரேட்டர் அல்ல.

அந்த ஆபரேட்டருக்கு ஏற்ற பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்தது: தமிழ்99. பயனரை மையமாக வைத்து வடிவமைக்க ஐ.எஸ்.ஓ. தனித் தரம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தமிழ்99-இல் க, ப, ம, த, ந ஐந்தும் வலக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையில் இருக்கின்றன. ஒய், ஐ, ஓ விசைகளில் ள, ன, ட. எனக்கு மிகவும் பிடித்தது அதன் புள்ளி விதி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந-வை அடுத்து த, ம-வை அடுத்து ப வந்தாலும் அப்படியே. அ, ம, ம, ஆ தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ஷிஃப்டைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு இருந்தும், கைப்பேசியில் நம்மில் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுகிறோம். பழகியபின் வரும் வேகம் ஒன்று, பழக ஆகும் நேரம் வேறொன்று. மனிதர் – கணினி ஊடாட்டத் துறை இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறது. ஆங்கில வழியில் பழகவேண்டியது ஏதுமில்லை. ஆனால் நாம் தட்டியது பள்ளியா பல்லியா என்பதைக் கருவி ஊகிக்க வேண்டும். அது தப்பினால், பட்டியலைப் பார்த்து நாம்தான் திருத்த வேண்டும்.