கருமணல் மண்ணைக் காப்பது யார்? உரிமை கோருவோரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறி அடங்கிய பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் இறங்கி நடந்தால், மணலின் மேல் கறுப்பாக ஒரு படிவு தெரியும். கைப்பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனக்கும். வலுவான காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் துகள்கள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் இல்மனைட். அதனோடு ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், தோரியம் அடங்கிய மோனசைட் ஆகியவையும் கலந்து கிடக்கின்றன. 1909-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷாம்பெர்க் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்ததிலிருந்து இந்த மணலுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு. அரசியல் மேடையிலும் இன்று அதற்கு விலை உண்டு.

அதே மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில், கீழ்மிடாலம், மிடாலம், இனையம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்க, மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், மீனவ ஊர்களின் எதிர்ப்புக்குப் பிறகு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு என்பது ரத்து அல்ல. ஆனாலும் இப்படி ஒரு திட்டம் தடைபடும்போதெல்லாம் ‘தடுத்தது நாங்கள்தான்’ என்று உரிமை கோரும் குரல்கள் எழுவதும், எதிர்க்கட்சியைக் கைகாட்டுவதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டன.

அரிட்டாபட்டி சொல்லும் பாடம்

இந்தப் போட்டியை முழுமையாகப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அரிட்டாபட்டி. அதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி 2024 நவம்பரில் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது.

உடனே வாதம் தொடங்கியது. 2023 அக்டோபரிலேயே அமைச்சர் துரைமுருகன் மத்திய அரசுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதியதாக தி.மு.க. அரசு சொன்னது. 2024 பிப்ரவரியில் ஏல நடவடிக்கை தொடங்கியதிலிருந்து முடிவு வெளியாகும் வரை மாநில அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்றது மத்திய சுரங்க அமைச்சகம். இந்த ஏல அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்த 2023 சுரங்கச் சட்டத்திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தபோது அ.தி.மு.க.வின் தம்பிதுரை ஆதரித்துப் பேசியதை தி.மு.க. எடுத்துக்காட்டியது. ஆட்சியில் இருந்தவர்கள் ஏன் முன்னதாகவே தடுக்கவில்லை என்று அ.தி.மு.க. கேட்டது.

2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றம் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் பகுதி மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். ஜனவரி 22-ல் ஊர்ப் பிரதிநிதிகளுடன் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை டெல்லியில் மத்திய அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார். மறுநாள் ஏலம் ரத்தானது. ஜனவரி 26-ல் முதல்வர் ஸ்டாலின் அரிட்டாபட்டிக்கு நேரில் போனார். 2023 ஏப்ரலில் டெல்டாவின் மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டபோதும் இதே போட்டியைக் கண்டோம்.

சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் தொட்டுத் தொடங்கிவைக்கும் பிரமுகர்களின் படம் நாளிதழில் வரும். தேர் நிலைக்கு வந்து சேர்வது ஊரார் தோள்பலத்தால். அரிட்டாபட்டியிலும் அதுதான் நடந்தது.

சட்டம் யார் கையில்?

சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் 1957-ல் வந்தது. 2023-ல் திருத்தப்பட்டபோது டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்கள் ‘முக்கியக் கனிமங்கள்’ என்று தனியாகப் பட்டியலிடப்பட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் சென்றது. ஆனால் ஏலத்துக்குப் பின் குத்தகையை வழங்குவது மாநில அரசு. ராயல்டி வருவாயும் மாநிலத்துக்கே. ஆகவே முழுப் பொறுப்பு தங்களுடையதல்ல என்று எந்த அரசும் கைகழுவ முடியாது.

கடற்கரைத் தாது மணல் இதே சட்டத்தின் அணுக் கனிமப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலின் ஆங்கில வாசகத்திலேயே செம்மணல் மேட்டைக் குறிக்கும் ‘தேரி’ என்ற நம் சொல் இடம்பெற்றிருக்கிறது. 2019 முதல் மோனசைட் துளியளவு இருந்தாலும் அந்த மணலை அரசு நிறுவனங்கள் மட்டுமே எடுக்க முடியும். அதற்கு முன் தனியார் அள்ளிய காலத்தையும் மறக்கக் கூடாது. 2013-ல் ஜெயலலிதா அரசு தாது மணல் அள்ளத் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தனியாரிடமிருந்து 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் அரசின் நடவடிக்கையை உறுதிசெய்து, சி.பி.ஐ. விசாரணைக்கும் உத்தரவிட்டது. ஆட்சிகள் மாறினாலும் மணல் போய்க்கொண்டே இருந்தது என்பதே அந்த வழக்கின் சாரம்.

சத்தமில்லாமல் பறிபோனது

2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத் திட்டம் வந்தால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அந்த வட்டாரத்திலேயே கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். யாரும் பேசலாம். பேசியது முழுக்க ஒளிப்பதிவாகும். கடைசியில் கூட்டக் குறிப்பு உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டப்படும். மீன் விற்கும் அம்மாவும் வலை பின்னும் தாத்தாவும் அரசுப் பதிவேட்டில் ஏறும் ஒரே இடம் அது.

2025 செப்டம்பர் 8-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இனித் தேவையில்லை என்றது அது. நாடாளுமன்றத்தில் விவாதம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. அதைத் திரும்பப் பெறக் கோரி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் நல்லதுதான். ஆனால் கடிதம் எழுதியதோடு கணக்கு முடிந்துவிடாது என்பதை அரிட்டாபட்டியில் பார்த்துவிட்டோம்.

2004 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் பிள்ளைகளைப் புதைத்த மாவட்டம் கன்னியாகுமரி. மணல்மேடு என்பது இங்கே வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும் காவல். அதை வெட்டலாமா கூடாதா என்று சொல்லும் முதல் உரிமை அதன் நிழலில் குடியிருப்பவருடையது.

ஆகவே, ‘நாங்கள்தான் தடுத்தோம்’ என்று யார் வந்து நின்றாலும், எந்தக் கொடியின் கீழ் நின்றாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 2023-ல் சட்டத்திருத்தம் அவைக்கு வந்த நாளில் உங்கள் கட்சி என்ன செய்தது? கிள்ளியூர் திட்டம் ரத்தானது என்ற உத்தரவு உங்கள் கையில் இருக்கிறதா? பறிபோன கருத்துக்கேட்பு உரிமையை மீட்க என்ன செய்யப் போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குச் செயலில் பதில் சொல்பவருக்கு முழுப் பெருமையையும் மனதாரக் கொடுப்போம்.