ஊர் நீங்கியும் நீங்காப் பற்று

பிறந்த ஊரை விட்டுச் சென்றவன், அவ்வூரின் விளையாட்டணிமீது கொண்ட பற்றை எவ்வாறு காத்துக்கொள்கின்றான்? அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரின் அணி கார்டினல்ஸ். 1954ஆம் ஆண்டுவரை முதனிலைப் பேஸ்போலின் மேற்கெல்லை அந்நகரமே. தொழில் தேடித் தொலைவு சென்றோர்க்கு மைதானம் எட்டாதாயிற்று, வானொலியே துணையாயிற்று. அந்நகரின் கே. எம். ஓ. எக்ஸ். நிலையத்தின் ஆற்றல் 50,000 உவாற்று. மத்திய அலைகளைப் பகலில் அயனமண்டலத்தின் கீழ்ப்படை உறிஞ்சிவிடும். இரவில் அப்படை தேய்ந்துபோக, மேற்படை அவ்வலைகளைத் தெறித்துப் பல நூறு மைல்களுக்கு அப்பால் இறக்கும். ஆதலின் இரவு ஆட்டங்களின் வருணனை தூர மாநிலங்களிலும் கேட்டது.

கேட்போர் பலர் பென்சிலும் தாளுமாக அமர்ந்து, ஒவ்வோர் ஆட்டக்காரரின் முடிவையும் குறித்துக்கொள்வர். மட்டைமீது செங்குருவிகள் அமர்ந்த சின்னம் 1922இல் தோன்றியது. அச்சின்னம் பொறித்த சட்டையை அயலூரில் கண்டால், முன்பின் அறியாதவரும் உறவினர்போல் நலம் விசாரிப்பர். எதிரணியின் மைதானத்திலும் அதனை அணிந்து செல்வர். அங்கு எதிரணியின் நல்லாட்டத்துக்கும் கைதட்டுதல் விருந்தினர்க்கு அழகு.

இக்காலத்தில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். சிறந்த அணியும் பலமுறை தோற்கும். வெற்றியை எங்கும் கொண்டாடலாம். தோல்வியைப் பகிர்ந்துகொள்ள அயலூரில் ஆளில்லை. இன்று இணையம் தூரத்தைச் சுருக்கிவிட்டது. அத்தனிமையை அது முற்றாகப் போக்கவில்லை. தோற்றதன் மறுநாளும் அதே அணியின் வருணனைக்குச் செவிசாய்ப்பவனே தன் ஊரை மறவாதவன்.