வலி தெரியாத கால்கள்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகள், பெரம்பலூர் வழியே செல்லும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை, வயல் நடுவே சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள். முதுகெலும்பு அடிபடும் வாய்ப்பு நம் மாணவர்களைச் சுற்றியே இருக்கிறது. அப்படி அடிபட்ட குழந்தை சில மாதங்கள் கழித்துச் சக்கர நாற்காலியில் வகுப்புக்குத் திரும்பினால், அதனால் நடக்க முடியவில்லை என்பது உடனே நம் கண்ணில் படும். உணர்வும் போயிருக்கிறது என்பது படாது. ஆபத்து அதில்தான் அதிகம்.

தண்டுவடம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளம். அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. மூளையின் கட்டளை கீழே இறங்குவதும், தொடுதல், சூடு, வலி பற்றிய செய்திகள் மேலே ஏறுவதும் இந்த வழியாகத்தான். அடிபட்ட இடத்துக்குக் கீழே இரண்டுமே நின்றுபோகலாம். கழுத்தில் அடிபட்டால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். நடு முதுகில் என்றால் கைகள் தப்பிவிடும். சேதம் முழுமையாக இல்லாதபோது ஓரளவு அசைவோ உணர்வோ மிஞ்சும்.

தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்பு அடிபடுவது வேறு. அந்த நரம்பு செல்லும் பகுதி மட்டுமே மரத்துப்போகும், வலுவிழக்கும். முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அது அங்குள்ள நரம்பின் வேலை. வகுப்பில் சொல்ல இதைவிட எளிய சான்று வேண்டாம். இத்தகைய நரம்பு நாளொன்றுக்கு 1 மி.மீ. அளவில் மீண்டும் வளரக்கூடும். தண்டுவடம் அப்படி வளர்வதில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். கைகளுக்குச் சேதமில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோய் தாக்குவதும் நரம்பைத்தான். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. சூடும் காயமும் தெரியாததால்தான் சிதைகின்றன என்பதை அங்கே பணியாற்றிய பால் பிராண்ட் விளக்கிக் காட்டியிருந்தார்.

நம் வகுப்பறைக் குழந்தைக்கும் இதே நிலைதான். நாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே நெளிகிறோம். அழுத்தம் வலியாகத் தெரிவதால். உணர்வில்லாத குழந்தை நெளியாது. சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். ஆகவே சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ, பக்கவாட்டில் சாயவோ நினைவூட்டுங்கள். மெத்தை இருக்கை தேவை. சித்திரை வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் வெறுங்கால் படக்கூடாது. மடியில் சூடான சத்துணவுத் தட்டையும் வைக்க வேண்டாம்.

சிறுநீர்க் கட்டுப்பாடும் பெரும்பாலும் போய்விடுவதால், பலர் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். அதற்குத் தாழ்ப்பாள் உள்ள, சக்கர நாற்காலி நுழையும் சுத்தமான கழிப்பறை வேண்டும். அது இல்லாத பள்ளியில் குழந்தை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், தொற்று வரும், வருகைப் பதிவேட்டில் விடுப்புகள் கூடும்.