‘பாதுகாக்கப்பட்ட’ மான்: வேட்டைச் சட்டத்தில் ஒரு சொல்

செமினியிலிருந்து உலு லங்காட் மலைக்காடுகள் தொலைவில் இல்லை. தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம் தலைமுறைக்குக் காட்டுப்பன்றியும் மானும் கதையில் மட்டும் கேட்ட விலங்குகள் அல்ல. அப்பழக்கத்தினாலேயே வேட்டைச் சட்டத்தையும் நாம் அறிவோம் என்று எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணம் ஒரு சொல்லில் இடறுகிறது. அச்சொல்லையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

தீபகற்ப மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அதற்கு மாற்றாக 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டம், அதாவது 716ஆம் சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள; அவை இங்கு நம் பொருளல்ல. 716ஆம் சட்டம் விலங்குகளை இரு பட்டியல்களில் வைக்கிறது. முதற்பட்டியலுக்குரிய மலாய்ச் சொல் ‘டிலிண்டுங்கி’. இரண்டாம் பட்டியலுக்குரியது ‘டிலிண்டுங்கி செபெனுஹ்ஞா’. இவற்றைத் தமிழில் முறையே ‘பாதுகாக்கப்பட்டவை’ என்றும் ‘முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை’ என்றும் பெயர்த்துவிட்டு, கடமை முடிந்ததென்று அமைகிறோம்.

‘பாதுகாக்கப்பட்ட மான்’ என்றால் எவரும் தொடக்கூடாத மான் என்றே தமிழ்ச் செவிக்குப் படும். சட்டம் கருதும் பொருள் அதுவன்று. உரிமம் பெற்றவர் வேட்டையாடலாம், பெறாதவர் ஆடலாகாது என்பதே அதன் பொருள். காட்டுப்பன்றி அவ்வகையினது. புலி இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தது. அதனைக் கொல்ல வேட்டை உரிமம் என்பதே கிடையாது. ஆகவே முதற்பட்டியலின் ‘பாதுகாப்பு’, கதவைத் தாழிடுவதன்று. வாயிலில் ஒரு காவலரை நிறுத்துவது. தமிழ்ப் பெயர்ப்பு அவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இம்மயக்கத்தின் விலையை அறியக் கடமானைப் பார்த்தல் வேண்டும். தென்பாண்டி நாட்டார் மிளா என்பதும் மலாய்க்காரர் ரூசா என்பதும் இதுவே. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் அதன் பின்னரும் இது உரிமத்துடன் வேட்டையாடத்தக்க ‘பாதுகாக்கப்பட்ட’ விலங்காக இருந்தது. காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் சாலைகளாகவும் சுருங்கின. உரிமம் பெற்ற துப்பாக்கியோடு பெறாத துப்பாக்கியும் காட்டினுள் நுழைந்தது. காட்டினுள் பொருத்திய தானியங்கிப் படக்கருவிகளில் முன்பு இயல்பாகத் தோன்றிய கடமான், பல இடங்களில் தோன்றாமலே போயிற்று. 2009ஆம் ஆண்டில் அரசு கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. முதலில் ஈராண்டு என்றிருந்த தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. (கேளையாடு என்பது மலாயில் கீஜாங். நம் மத்திய வங்கியின் இலச்சினையில் நிற்பது அதுவே. நாள்தோறும் காண்கிறோம், தமிழ்ப்பெயர் கேட்டால் வெறுமனே ‘மான்’ என்கிறோம்.)

கடமான் குறைந்தால் புலி பசித்திருக்கும். 1950களில் ஏறத்தாழ 3,000 என மதிப்பிடப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி 150க்கும் குறைவு.

உரிமம் என்னும் முறையே தீது என்று நாம் கூறவில்லை. வட அமெரிக்கக் காட்டு வான்கோழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் அழிந்திருந்தது. வேட்டைப் பருவத்தை வரையறுத்தும், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் துப்பாக்கி, தோட்டா மீது விதித்த வரியைக் காட்டுயிர்ப் பணிக்கே செலவிட்டும் அதனை மீட்டனர். அதன் தொகை 6 மில்லியனைக் கடந்தது. அண்மை ஆண்டுகளில் சில மாநிலங்களில் மீண்டும் குறையவே, அங்கே பருவத்தைத் தள்ளி வைத்தும் சுடத்தக்க எண்ணிக்கையைக் குறைத்தும் வருகின்றனர். எண்ணிப் பார்த்து உரிமம் வழங்குவோர்க்கே அது கருவியாகும். (அப்பறவைக்கு மலாய்ப் பெயர் ‘ஆயாம் பெலாண்டா’, ஒல்லாந்தர் கோழி. அமெரிக்கப் பறவை ஒல்லாந்தர் பெயரில் உலவுவது தனி உரைக்குரிய பொருள்.)

உரிமத்துக்குக் கட்டுப்படாதது கண்ணி. கம்பிச் சுருக்குக்குப் பட்டியல் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் புலியின் காலும் சிக்கும். வேட்டைக்காகக் கண்ணி வைப்பதும், அதனைக் கைவசம் வைத்திருப்பதும் குற்றம். மரவள்ளிப் பாத்தியைக் காக்க வேலியோரம் சுருக்கு வைக்கும் நம் முதியவர்கள் இதனை அறிதல் வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், புலி போன்றவை தொடர்பான குற்றங்களுக்கு ஒரு மில்லியன் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்க இயலும். பூர்வகுடியினர் தம் குடும்பத்தின் உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. செமினிப் பகுதித் தெமுவான் மக்கள் செய்வதைக் கண்டு, ‘அவர்கள் செய்யலாமெனில் நாமும் செய்யலாம்’ என்பார் உளர். அச்சலுகை நமக்குரியதன்று.

சட்டம் மற்றொரு நுட்பத்தையும் பேணுகிறது. பெண் விலங்கையும் இளம் விலங்கையும் வேட்டையாடினால் தனிப் பிரிவுகள் கடுந்தண்டனை கூறுகின்றன. இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தந்து, எவ்விலங்குக்கு எப்பெயர் உரித்தென்றும் வரையறுக்கிறது. நவ்விக்கும் உழைக்கும் மறி, ‘கடமை’க்குக் கன்று. ஆம், இன்று செய்பணியைக் குறிக்கும் கடமை அங்கே ஒரு காட்டு விலங்கின் பெயர். மான் ஆணாயின் கலை, பெண்ணாயின் பிணை. இத்துணைச் சொல்லும் இருக்க, அறிவிப்புப் பலகையில் ‘மான் வேட்டை கூடாது’ என்று ஒற்றை வரியில் முடிக்கிறோம்.

நாம் முன்வைக்கும் திருத்தம் சிறிது. முதற்பட்டியலுக்கு ‘உரிமத்துக்கு உட்பட்டவை’, இரண்டாம் பட்டியலுக்கு ‘வேட்டை விலக்கப்பட்டவை’ என எழுதலாம். சட்டப் பெயர்ப்பாளர் சிலர் மூலச்சொல்லின் வேர் கெடுமென்று மறுக்கக்கூடும். வேரைக் காத்துப் பொருளை இழத்தலினும் இது நன்று. பலகையில் ரூசா, கீஜாங், பெலாண்டோக் ஆகிய மூன்றின் படங்களுக்குக் கீழே கடமான், கேளையாடு, சருகுமான் என மூன்று பெயர்களும் தனித்தனியே இடம்பெறட்டும்.