நிறம் போனால் போதுமா?

துத்தநாக ஆக்சைடு என்றதும் ஏதோ புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வேர்க்குருவுக்குப் பூசுகிற கேலமைன் லோஷனில் இருப்பதும் அந்த வெள்ளைப் பொடிதான். அதையே நானோ அளவில் தயாரித்துச் சாயத் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் நிறம் மறையும். கோவையில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு வருகிற பிள்ளைகள் ஆண்டு தவறாமல் கேட்பது இதைத்தான்.

ஜிங்க் நைட்ரேட்டையும் ஹெக்சமினையும் தண்ணீரில் கரைத்து, இறுக மூடி, 90 டிகிரி சூட்டில் சில மணி நேரம் விட்டால் அடியில் வெள்ளையாகப் படியும். கழுவி உலர்த்தி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஆறு பட்டைப் பென்சில்களை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும்.

இதன்மேல் புற ஊதா ஒளி பட்டதும் எலக்ட்ரான் ஒன்று மேல்மட்டத்துக்குத் தாவும். அது இருந்த இடம் காலியாகும். தாவிய எலக்ட்ரானைத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். காலியிடமோ தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துகளை உண்டாக்கும். சாயத்தை உடைப்பவை இவைதான். ஆனால், எலக்ட்ரானும் காலியிடமும் கண்ணிமைக்கும் முன்பே மறுபடி சேர்ந்துவிடும். பொடி சிறிதானால் அவை மேற்பரப்புக்கு வர வேண்டிய தூரம் குறையும், சாயம் ஒட்டவும் இடம் கூடும். நானோவால் கிடைக்கும் லாபம் அதுதான்.

சோதனைக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலம். அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு விளக்கைப் போடுவார்கள். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, பொடியைப் பிரித்து, 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். நீலம் வெளுக்க வெளுக்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் அப்போதுதான் மூக்கை நுழைப்பேன்: “பொடி போடாம சாயத்த மட்டும் வெளிச்சத்துல வச்சுப் பாத்தியா தம்பி?” மெத்திலீன் நீலம் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும். அதோடு, நிறம் போனதென்றால் மூலக்கூறில் நிறம் தரும் பகுதி சிதைந்தது, அவ்வளவே. மிச்சத் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கலாம். மொத்தக் கரிமக் கார்பனை அளக்காமல் ‘சுத்தம்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். சாயக்கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணை பாழானதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். பனியன் துணிக்கு ஏற்றுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அடர் நிறமென்றால் சாயக்குளியலில் லிட்டருக்கு 60 கிராம் உப்புகூடப் போகும், கூடவே சோடா. அந்தக் கழிவில் உள்ள குளோரைடும் கார்பனேட்டும் சாயத்துக்கு முந்திக்கொண்டு ஹைட்ராக்சிலைத் தின்றுவிடும். கருத்த தண்ணீருக்குள் ஒளியும் இறங்காது. வெயிலை நம்பலாமென்றால், அதில் புற ஊதா சுமார் 5 சதவீதம்தான். போதாக்குறைக்கு, துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கடும் காரத்திலும் கரையும். கரைந்த துத்தநாகம் மீனுக்கு ஆகாது.

அந்தப் பென்சில் வடிவ நானோ குச்சிகளைக் கண்ணாடித் தகட்டிலேயே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பொடியை வடிகட்டும் தொல்லை அதில் இல்லை. எனக்கு நம்பிக்கை தருவது அந்த வழிதான்.

‘ஒரு மணி நேரத்தில் சாயம் மாயம்’ என்று செய்தி படித்தால், பீக்கர் தண்ணீரா, பட்டறைத் தண்ணீரா என்று கேளுங்கள். திருப்பூரில் இன்று தண்ணீரை மீட்டுக் கொடுப்பது ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும்தான்.